வரம்புக்குள்

மேட்டுப்பாளையத்தில் தட்டையாகக் கிடந்த
சிப்ஸ் பொட்டலங்கள்
பர்லியார் தாண்டியதும் மூச்சை இழுத்துப் பிடிக்கும்.
குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்கையில்
கடை வாசலில் தொங்கும் சரம் முழுக்க
உப்பிய கன்னங்கள்.
உள்ளே அடைத்த சமவெளிக் காற்று
வெளியே வரப் பார்க்கிறது.
காற்றுக்குத் தெரிந்தது எண்ணெய்க்கும் தெரியும்,
புளிப்புக்கும் தெரியும்,
உறைக்கும் தெரியும்:
அடைத்து வைத்தால் அடங்கிக் கிடப்பதில்லை எதுவும்.

என் வேலை அதை எடை போடுவது.

எங்கள் ஆய்வகத்தில் உணவு கிடையாது.
உணவாக நடிக்கும் திரவங்கள் உண்டு.
ஊறுகாய்க்குப் பதில்
நூற்றுக்கு மூன்று பங்கு அசிட்டிக் அமிலம்.
நெய்க்குப் பதில் ஹெப்டேன்.
தண்ணீருக்குப் பதில்
தண்ணீரைவிடச் சுத்தமான தண்ணீர்.
உறையை வெட்டி அதில் முக்கி
நாற்பது டிகிரியில் பத்து நாள் வைப்பேன்.
பிறகு திரவத்தை ஆவியாக்கினால்
கிண்ணத்தின் அடியில் ஒரு வளையம் மிஞ்சும்,
அவசரத்தில் கழுவிய தம்ளரில் போல.

மாதிரி எண் 117.
கோத்தகிரி மகளிர் குழு, எலுமிச்சை ஊறுகாய்,
இருநூறு கிராம் உறை.
கிலோவுக்கு நாற்பத்தொரு மில்லிகிராம்.
அனுமதி அறுபது.
'வரம்புக்குள்' என்று எழுதி முத்திரை குத்தினேன்.

வரம்பு என்றால் வயல் வரப்பும்தான்.
நண்டு துளைக்காத வரப்பை
நான் பார்த்ததில்லை.

கிண்ணங்களைக் கழுவுகிறவள் யோகராணி.
'அக்கா, நாப்பத்தொண்ணுன்னா
ஒரு ஆளுக்கா, ஒரு நாளைக்கா?'
ஒரு கிலோவுக்கு.
'கிலோ ஊறுகாயை எவ தின்னா?'
யாருமில்லை.
'அப்ப எனக்கு எவ்வளவு?'
படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை.
கட்டைவிரலால் வளையத்தைத் தேய்த்தாள்.
போகவில்லை.
பாவாடை நுனியில் விரலைத் துடைத்துக்கொண்டு
மறுபடி தேய்த்தாள்.

நாலு மணிக்கு டீ வாங்கும் முறை என்னுடையது.

பிளாஸ்டிக்கைத் தடை செய்த மாவட்டம் இது.
கல்லாரில் காரை மறித்து
பாட்டிலைப் பிடுங்கி வைப்பார்கள்.
ஹாலன் கடையில் பார்சல் என்றால்
அவர் தெருவை ஒரு தரம் பார்ப்பார்,
மேசைக்கடியிலிருந்து கவரை உருவுவார்,
வாயால் ஊதிப் பிரிப்பார்,
கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்.
இந்த உயரத்தில் தண்ணீர்
தொண்ணூற்று நாலிலேயே கொதித்துவிடும்,
ஆறு டிகிரி நமக்கு லாபம் என்று
ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.
நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிந்து
'ஆறிடும், போங்க' என்றார்.

ஆடிக் காற்று. படியெல்லாம் பாசி.
இரண்டு கையாலும் கவரை ஏந்தி,
அதுவும் போதாமல்
ஸ்வெட்டருக்குள், வயிற்றோடு வைத்துக்கொண்டேன்.
சூடு, கொழுப்பு, நேரம், மெல்லிய சுவர்:
எங்கள் கையேட்டின் முதல் பக்கம்
மூச்சு விடுவது போல
என் வயிற்றின்மேல் அசைந்தது.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
அவ்வளவு இதமாக இருந்தது.

மேலே போனதும்
யோகராணி கவரின் மூலையைப் பல்லால் கடித்தாள்,
காகிதக் கோப்பைகளில் பங்கு வைத்தாள்.
(அந்தக் காகிதத்துக்கும் உள்ளே ஒரு தோல் உண்டு.
மாதிரி எண் 88. வரம்புக்குள்.)
இந்த டீக்கு எண் இல்லை, அரக்கு முத்திரை இல்லை,
அனுப்பியவர் கையெழுத்து இல்லை.
இதை நான் சோதிக்க முடியாது.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
இஞ்சி. கொஞ்சம் கூடுதல் சர்க்கரை.
நாக்குக்கு எடை போடத் தெரியாது.

காலிக் கவரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
'இதுல எவ்வளவுக்கா?' என்றாள்.
பனி வந்து எதிர் மலையை எடுத்துக்கொண்டிருந்தது.
'சூடா இருக்கும்போதே குடி' என்றேன்.